கோயில் வேறு, சபை வேறு

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலிருந்து உலகெங்கும் சென்ற செய்திகளின் தலைப்பு ஏறத்தாழ ஒரே மாதிரியாகவே இருந்தது: தேவாலயங்கள் மீதும் ஹோட்டல்கள் மீதும் குண்டுத் தாக்குதல். தலைப்பில் பிழையொன்றும் இல்லை. ஆனால் நெடுங்காலம் செய்தி ஆசிரியர் மேசையில் இருந்து தலைப்பு எழுதிப் பழகிய எனக்கு, அந்தச் சொல் அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தின் சுவர்கள் பெரும்பாலும் நின்றன. கூரை சிதைந்தது, அதைச் சில வாரங்களில் திருத்திவிடலாம், திருத்தியும் விட்டார்கள். உண்மையில் தாக்கப்பட்டது வாங்கில்களில் அமர்ந்திருந்த மனிதர்கள்.

ஆங்கிலத்தில் 'சர்ச்' என்ற ஒரே சொல் கட்டடத்தையும் குறிக்கிறது. அதில் கூடும் மக்களையும் குறிக்கிறது. பாப்பரசரிலிருந்து பங்குக் குருவானவர் வரை நீளும் நிர்வாகத்தையும் குறிக்கிறது. தமிழுக்கு இந்த இடர்ப்பாடு இல்லை. கட்டடத்தைக் கோயில் என்கிறோம், தேவாலயம் என்கிறோம். மக்களைச் சபை என்கிறோம், திருச்சபை என்கிறோம். இலங்கைக் கத்தோலிக்கர் 'கோயிலுக்குப் போகிறேன்' என்பார்களே தவிர 'திருச்சபைக்குப் போகிறேன்' என்று சொல்வதில்லை. இந்த நுட்பமான வேறுபாட்டை நம் மொழி நமக்கு இலவசமாகத் தந்திருக்கிறது. ஆயினும் மொழி காட்டும் வேறுபாட்டை நடைமுறையில் நாம் மறந்துவிடுகிறோம் என்பதே என் ஆதங்கம்.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்குரிய சொல் 'எக்ளேசியா'. அது முதலில் சமயச் சொல்லே அல்ல. கிரேக்க நகரங்களில் பொதுக்காரியம் பேசுவதற்காக அழைக்கப்பட்டுக் கூடிய குடிமக்களின் அவைக்கு வழங்கிய பெயர் அது. ஆதிக் கிறிஸ்தவர்கள் தமக்கென வழிபாட்டுக்குரிய கூடத்தின் பெயரையோ ஆலயத்தின் பெயரையோ தேர்ந்தெடுக்கவில்லை. ஊரவையின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு அப்போது சொந்தக் கட்டடமும் இருக்கவில்லை. ஒருவருடைய வீட்டில் கூடினார்கள், அப்பம் பிட்டார்கள், இல்லாதவனுக்குப் பகிர்ந்தார்கள். அதுவே சபை.

இச்சொல்லை மொழிபெயர்ப்பது ஒரு காலத்தில் உயிரோடு விளையாடும் காரியமாகவும் இருந்தது. 1526இல் வில்லியம் டிண்டேல் தமது ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் இதற்கு 'சர்ச்' என்று எழுதாமல், கூடிய மக்கள் என்று பொருள்படும் சொல்லை இட்டார். சர் தோமஸ் மோர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண மக்களின் பெயர் வந்துவிட்டது என்பதே சர்ச்சையின் சாரம். 1536இல் டிண்டேல் கொல்லப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்டவை பல. ஆயினும் அவர் எழுப்பிய பூசல்களில் இந்த ஒற்றைச் சொல்லும் ஒன்று. நமது மொழியிலோ 'சபை' என்ற சொல் சண்டையின்றி வந்து அமர்ந்துகொண்டது. எளிதாகக் கிடைத்ததனாலோ என்னவோ, அதன் பெறுமதியும் நமக்குத் தெரியவில்லை.

அதன் பெறுமதியை அறிய வேண்டுமாயின் நம் தீவின் வரலாற்றையே பார்க்கலாம். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டது. குருமார் வெளியேற்றப்பட்டனர். கோயில்கள் பறிக்கப்பட்டுச் சீர்திருத்த சபையின் வழிபாட்டிடங்களாயின. கட்டடமே சபை என்றால், நிர்வாகமே சபை என்றால், கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் என்ற இளங்குரு ஏழைக் கூலியின் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து சேர்ந்தபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவையே காணாத கத்தோலிக்கர்கள் அங்கே இருந்தார்கள். ஒரு தலைமுறையே பூசை காணாமல் வளர்ந்திருந்தது. ஆயினும் செபங்கள் வீட்டுக்குள் சொல்லப்பட்டு வந்தன. தாய்மாரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போயிற்று விசுவாசம்.

வாஸ் அடிகளார் செய்த காரியங்களுள் என்னை அதிகம் கவர்வது, அவர் அற்புதம் செய்தார் என்ற மரபுகள் அல்ல. தாம் ஓர் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குப் போனால் மீண்டும் வர மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் பொதுமக்களிலிருந்தே பொறுப்பாளர்களை ஏற்படுத்தினார். மூப்பர் என்றும் அண்ணாவி என்றும் அவர்கள் அழைக்கப்பட்டார்கள். செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், ஆபத்திலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிப்பதும், மரணப் படுக்கையில் இருப்பவரின் அருகில் இருப்பதும் இவர்களின் வேலை. குரு இல்லாதபோதும் சபை சபையாகவே இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த ஏற்பாடு நின்றது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி மக்கள் நோயாளரைக் கைவிட்டு ஓடிய வேளையில், அவரும் அவரது துணைக் குருவும் தங்கி நின்று நோயாளரைப் பராமரித்தார்கள். அவர் எந்தச் சமயத்தவர் என்று நோயாளியைக் கேட்கவில்லை. 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் காலி முகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

கொச்சிக்கடைக் கோயிலின் தோற்றம் பற்றிய மரபும் அந்த ஒல்லாந்தர் காலத்தையே சேர்ந்தது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு, வணிகர் வேடத்தில் மறைந்திருந்து மக்களுக்கு ஊழியம் செய்தார் என்பதும், கடலரிப்புக்கு அஞ்சிய மீனவர்கள் அவரை நாடினார்கள் என்பதும் செவிவழி வந்த செய்தி. மறைந்து வாழ்ந்த ஒருவரின் நினைவில் எழுந்த இடம் இன்று தேசியத் திருத்தலம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போய்ப் பாருங்கள். சைவப் பெண்கள் மெழுகுதிரி ஏற்றுவார்கள், பௌத்தர்கள் நேர்த்தி வைப்பார்கள், முஸ்லிம்களும் வந்து நிற்பதுண்டு. இவர்களை எந்தப் பங்குப் பதிவேட்டில் சேர்ப்பது? இக்கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

பதிவேடு என்றதும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் மேட்டின்மேல் வுல்பெண்டால் தேவாலயம் நிற்கிறது. 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கட்டடம். தடித்த சுவர்கள், தரையில் பதித்த கல்லறைக் கற்கள். அக்காலத்தில் அரசாங்கப் பதவி வேண்டுமாயினும் காணி உரிமை பதிய வேண்டுமாயினும் சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் பெற்றிருத்தல் அனுகூலமாக, பல இடங்களில் அவசியமாகவே, இருந்தது. பதிவேடுகளில் இலட்சக்கணக்கில் பெயர்கள் ஏறின. 1796இல் ஆங்கிலேயர் வந்ததும், அந்த அனுகூலம் போனதும், அப்பெயர்களில் பெரும்பாலானவை காற்றில் பறந்தன. தடைசெய்யப்பட்ட சபையோ நிலைத்தது. 1806இல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கியபோது, விடுதலை பெறுவதற்கு அங்கே மக்கள் இருந்தார்கள். அரசாங்கத்தின் ஆதரவு ஒரு சபைக்கு என்ன செய்யும், ஆதரவின்மை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் தீவில் இல்லை.

ஆயினும் துன்பப்பட்ட சபை எப்போதும் தூய சபையாகவே இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே கொட்டாஞ்சேனை. 1883 மார்ச் 25ஆம் திகதி; அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரர் வாழ்ந்த தீபதுத்தாராம விகாரையை நோக்கிப் பௌத்தர்களின் ஊர்வலமொன்று வந்துகொண்டிருந்தது. கன்னி மரியாளை இழிவுபடுத்தும் உருவங்கள் அதில் கொண்டுவரப்படுவதாக ஒரு வதந்தி கத்தோலிக்கரிடையே பரவியது. புனித லூசியாள் பேராலயத்தை அண்டிய பகுதியில் கூட்டம் சேர்ந்தது, மோதல் மூண்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. நீதி கிடைக்கவில்லை என்ற பௌத்தர்களின் முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டன் வரை போனார். 1885இல் வெசாக் தினம் விடுமுறை நாளானது.

அன்று தெருவில் இறங்கியவர்களும் விசுவாசிகளே. ஞானஸ்நானம் பெற்றவர்கள், தவக்காலம் முழுதும் நோன்பிருந்தவர்கள். ஒன்றாகக் கூடினார்கள், ஒரே உணர்ச்சி கொண்டார்கள். ஆனால் அதைச் சபை என்று யார் சொல்வார்? கூட்டத்துக்கும் சபைக்கும் உள்ள தூரம் சிலவேளை ஒரு வதந்தி அளவுதான். செய்தித் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இதை நான் கூடுதல் கவலையோடு சொல்கிறேன். வதந்தியை வளர்ப்பதிலும் தணிப்பதிலும் எமது தொழிலுக்குப் பெரும் பங்குண்டு.

சபைக்குள்ளேயே சுவர் எழுப்பிய கதைகளும் உண்டு. தமிழ்நாட்டில் 1833இல் ஆயர் டானியேல் வில்சன், சீர்திருத்தத் திருச்சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையையே துறக்க முன்வந்தார்கள். சாதியைத் துறக்க முன்வரவில்லை. திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில், கத்தோலிக்கக் கோயிலே இரு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் வழிபடும் வண்ணம் இரு கால்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. யாழ்ப்பாணத்து நிலைமை வேறு என்று மார்தட்டுவதற்கு நமக்கு அருகதை இல்லை. ஒரே பலிபீடம், ஒரே அப்பம். இருக்கை மட்டும் வேறு. அந்த இடத்தில் கோயில் இருந்தது. சபை இருந்ததா என்பதே கேள்வி.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964 நவம்பர் 21ஆம் திகதி திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. அதன் அத்தியாய வரிசையே ஒரு செய்தி. இறைமக்கள் என்ற அத்தியாயம் முதலில் வருகிறது. ஆயர்களையும் அதிகார அமைப்பையும் பற்றிய அத்தியாயம் அதன் பின்னரே வருகிறது. மக்களே சபை, அதிகாரம் அவர்களுக்குள்ளே, அவர்களுக்காக இருக்கும் ஊழியம் என்பதே அவ்வரிசையின் பொருள். சீர்திருத்த சபையில் பிறந்த எனக்கு, இந்த ஒரு விடயத்தில் உரோமையும் சீர்திருத்தக்காரரும் நெருங்கி வந்தது பெருமகிழ்ச்சி.

நம் கொழும்பில் இதை நான் கண்கூடாக அறிந்த ஒரு நாள் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி, வியாழக்கிழமை விடியுமுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலிருந்த விடுதிகளுக்குள் பொலிஸார் புகுந்து, 'கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை' என்று சொல்லித் தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றினார்கள். 376 பேர் வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடைசெய்தது; பிரதமரும் பின்னர் வருத்தம் தெரிவித்தார். பத்திரிகையாளனாக நான் அந்த எண்ணிக்கையை எழுதினேன்.

அடுத்த ஞாயிறு வெள்ளவத்தைப் பக்கத்துத் தேவாலயமொன்றில் தமிழ் ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, வயது முதிர்ந்த ஓர் அம்மையார் போதகரிடம் வந்தார்.

"ஐயா, பின் வாங்கிலிலை இருக்கிற பிள்ளையள் மூண்டு பேரைக் காணேல்லை."

"ஊருக்குப் போயிருப்பினம் அம்மா" என்றார் போதகர்.

"போகேல்லை ஐயா. ஏத்திக்கொண்டு போட்டினம். லொட்ஜிலை கேட்டுப்போட்டுத்தான் வாறன்."

அம்மூவரும் அச்சபையின் அங்கத்தவர்கள் அல்லர். வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்த இளைஞர்கள். சில மாதங்களே வந்து போனவர்கள். பதிவேட்டில் பெயர் இல்லை, சந்தாப் பணம் இல்லை. ஆனால் அந்த அம்மையாரின் வேதப்புத்தகத்தின் கடைசித் தாளில், பென்சிலால் எழுதிய பெயர் வரிசையில், அவர்கள் இருந்தார்கள். அன்று பிற்பகலே வவுனியாவிலுள்ள சபையொன்றுக்குத் தொலைபேசிச் செய்தி போயிற்று. அங்கிருந்தவர்கள் தேடிப் போனார்கள். மூவரில் இருவர் இரு வாரங்களில் திரும்பினார்கள். மூன்றாமவர் ஊரிலேயே நின்றுவிட்டதாக அறிந்தோம்.

376 என்று நான் எழுதியதும் உண்மை; மூன்று பேர் என்று அந்த அம்மையார் சொன்னதும் உண்மை. இரண்டும் வேண்டும். ஆனால் சபை என்ற சொல்லுக்கு இலக்கணம் கேட்டால், நான் இரண்டாவதையே காட்டுவேன். ஒருவன் வராதபோது, அவன் வரவில்லை என்பதைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கும் இடம் அது. யாழ்ப்பாணத்து அண்ணாவிகளும் மூப்பர்களும் செய்ததும் இதுதான்.

2019க்குத் திரும்புவோம். தாக்குதலுக்குப் பின் நாடெங்கும் பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 28ஆம் திகதி, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியைக் கத்தோலிக்கர் தொலைக்காட்சியில் கண்டார்கள். மே 5ஆம் திகதியும் கோயில்கள் மூடியே கிடந்தன. மே 12ஆம் திகதியே கொழும்பில் ஞாயிறு பூசைகள் மீண்டும் தொடங்கின, ஆயுதப் படையினரின் காவலோடும் பைகளின் சோதனையோடும். மட்டக்களப்பில், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலரை இழந்த சீயோன் சபையார், சிதைந்த கட்டடத்தை விட்டு வேறிடத்தில் கூடினார்கள். கோயில் இல்லாத சபை என்பது ஒல்லாந்தர் காலத்துக் கதை என்று நினைத்திருந்தோம். நம் காலத்திலேயே அது மீண்டும் வந்தது. மறுவருடம் கொரோனா வந்து, 2020 ஏப்ரல் 12ஆம் திகதி உயிர்த்த ஞாயிறும் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் கழிந்தது.

அந்த வாரங்களில்தான் இன்னொரு சோதனையும் வந்தது. 2019 மே 13ஆம் திகதியளவில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 260க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த குற்றத்துக்கு, அதில் எவ்விதப் பங்குமில்லாத அயலவர்கள் விலை கொடுத்தார்கள். கத்தோலிக்கர் பழிவாங்கப் புறப்படக்கூடாது என்று கர்தினால் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த தகப்பன் ஒருவனுக்கு அவ்வேண்டுகோளைக் கேட்பது எளிதன்று. ஆயினும் 1883இல் ஒரு வதந்திக்குத் தெருவில் இறங்கிய கொட்டாஞ்சேனைப் பகுதி, 2019இல் உண்மையான இரத்தத்தைக் கண்டபின்னும் தெருவில் இறங்கவில்லை. இதை நம் பத்திரிகைகள் தலைப்பாக்கவில்லை. நடக்காத ஒன்றுக்குத் தலைப்பு எழுதுவது எப்படி?

பழிவாங்காமை என்பது நீதி கேளாமை அன்று. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பணத்தைவிட உண்மையையே கேட்டு நின்றன. ஆண்டுகள் பல கடந்தும், ஒவ்வொரு ஏப்ரல் 21ஆம் திகதியும் காலை 8.45 மணிக்கு அவர்கள் ஒன்றாக மௌனம் காக்கிறார்கள். யோசேப்பு வாஸ் அடிகளார் 1651இல் பிறந்ததும் ஓர் ஏப்ரல் 21ஆம் திகதி என்பதை, அறிந்தவர்கள் அந்த மௌனத்தில் நினைத்துக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை வருபவர்களை எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது என்ற கேள்வியைப் பாதியில் விட்டிருந்தேன். 2025இல், அன்று கோயில்களில் உயிரிழந்த 167 கத்தோலிக்கரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகள் என்ற பட்டியலில் வத்திக்கான் சேர்த்துக்கொண்டது. அவ்வேளையில், அவர்களோடு அங்கே மாண்ட வேற்றுச் சமயத்தவர் எழுவரும் மரியாதையுடன் நினைவுகூரப்பட்டார்கள். அவர்களைக் கிறிஸ்தவர்களாக்க யாரும் முயலவில்லை, மறக்கவும் இல்லை. இறையியல் வல்லுநர்கள் இதற்கு விரிவான விளக்கம் தரக்கூடும். எனக்குத் தோன்றுவது இவ்வளவே: சபைக்கு எல்லை உண்டு, ஆனால் சபையின் நினைவு அந்த எல்லையோடு நின்றுவிட வேண்டியதில்லை.

இன்று வெள்ளவத்தையில் சில தேவாலயங்களின் தமிழ் ஆராதனையில் முதியவர்களே அதிகம். பிள்ளைகள் டொரொன்டோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும், வாடகைக்கு எடுத்த பாடசாலை மண்டபங்களில் தமிழில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். சொந்தக் கோயில் கட்டுவதற்கு நிதி சேர்ப்பதாக அவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வருகின்றன. கட்டட்டும், நல்ல காரியம். மழைக்கு ஒதுங்க எல்லோருக்கும் கூரை வேண்டும். அடித்தளம் இடுமுன், போன ஞாயிறு யார் வரவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்களாயின், கட்டடம் எழும்பும் வரையில் அவர்களுக்குச் சபை இருக்கும்.